விசைப்பலகை வேலை செய்யாதபோது



முன்பெல்லாம் தோட்டத்து லயத்து வீட்டில் மதிப்புமிக்க பொருள் எது என்று கேட்டால், பலகைத் தட்டின் மேல் துணி போர்த்தி வைத்திருக்கும் வானொலிப் பெட்டியைக் காட்டுவார்கள். பிறகு தையல் இயந்திரம் வந்தது, தொலைக்காட்சி வந்தது. இப்போது பல வீடுகளில் அந்த இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பள்ளிகள் அடைபட்டுக் கிடந்த மாதங்களில் பிள்ளைகளின் படிப்பு வீட்டுக்குள் வந்துவிட்டது. கூட்டுப் பணத்தை எடுத்தும், கையிலிருந்த நகையை அடகு வைத்தும், பழைய கணினியோ மடிக்கணினியோ வாங்கிக் கொடுத்த பெற்றோர் நம்மிடையே உண்டு.

அப்படி அரும்பாடுபட்டு வாங்கிய கணினியின் முன் ஒரு நாள் மாலை பிள்ளை பாடம் எழுத உட்காருகிறது. எழுத்துகளைத் தட்டுகிறது. திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை. மறுபடியும் தட்டுகிறது. ஒன்றுமில்லை. அடுத்து அந்த வீட்டில் எழும் கேள்வி என்னவாக இருக்கும்? “என்னடா பண்ணி வெச்சே?” என்பதுதானே!

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட செய்தி இதுதான். கணினியின் விசைப்பலகை, அதாவது கீபோர்டு, வேலை செய்யாமல் போனால் யாரையும் திட்டுவதற்கு முன்பும், பணத்தை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் புறப்படுவதற்கு முன்பும் நாமே வீட்டில் செய்து பார்க்கக்கூடியவை எவை? தாளும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேயர்களே, இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நான் செய்த ஒரு தவறுதான் என் தகுதி. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்துப் பள்ளியின் கணினி அறையில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் பயன்படுத்திய விசைப்பலகை திடீரென்று நின்றுவிட்டது. நான் போய்த் தட்டிப் பார்த்தேன், எழுத்து வரவில்லை. “கெடுத்துவிட்டாயா?” என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி அதட்டினேன். “நான் ஒண்ணும் பண்ணல சார்” என்றான். நான் நம்பவில்லை.

மறுநாள் காலை அவனுடைய தந்தையார் பள்ளிக்கு வந்தார். செம்பனைக் குலை வெட்டுபவர். வேலைக்குப் போகும் உடையிலேயே வந்திருந்தார். மடித்து வைத்திருந்த ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்றை நீட்டி, “பத்தலேன்னா சம்பளத்தன்னிக்குத் தர்றேன் சார். பையன வெளியில நிறுத்திடாதீங்க” என்றார். நான் அந்த நோட்டை வாங்கி மேசை இழுப்பில் வைத்தேன். அதன் பிறகு நடந்ததைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் விசைப்பலகை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

சாதாரண விசைப்பலகையைப் பிரித்தால் உள்ளே கண்ணாடித் தாள் போன்ற மூன்று மெல்லிய நெகிழித் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் ஓடும் கோடுகள் அச்சடித்ததுபோல் பதிந்திருக்கும். நடுத்தாளில் ஒவ்வொரு விசைக்கும் நேராக ஒரு துளை இருக்கும். விசைக்கு அடியில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு சிறிய ரப்பர்க் குமிழ். இது நம் பால்மரத்து ரப்பர் அன்று. பெரும்பாலும் சிலிக்கோன் என்னும் செயற்கைப் பொருளால் ஆனது. விசையை அழுத்தினால் குமிழ் அமுங்கும். மேல் தாள் வளைந்து, துளையின் வழியாகக் கீழ்த் தாளைத் தொடும். கையை எடுத்தால் குமிழ் நிமிர்ந்து விசையை மேலே தள்ளிவிடும். ஓர் எழுத்து பிறக்கும் கதை இவ்வளவுதான்.

எந்த விசை அழுத்தப்பட்டது என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது? அந்தக் கோடுகள் நம் தோட்டத்து நிரைகளைப் போல ஓடுகின்றன. சில குறுக்கே போகும். சில நெடுக்கே போகும். இத்தனையாவது நிரையில் இத்தனையாவது மரம் என்றால் நமக்கு இடம் தெரிந்துவிடுகிறது அல்லவா? அதைப்போல, இந்தக் குறுக்குக் கோடும் அந்த நெடுக்குக் கோடும் தொட்டுக்கொண்டால் இன்ன எழுத்து என்று விசைப்பலகைக்குள் இருக்கும் ஒரு சிறிய சில்லு கண்டுகொள்கிறது. அது ஓயாமல் பெரட்டு எடுத்துக்கொண்டே இருக்கும். நாம் காலையில் ஒரு முறை பெரட்டுக்கு நிற்கிறோம். அதுவோ ஒரு வினாடிக்குள்ளேயே பலமுறை எல்லா நிரையையும் சுற்றி வந்துவிடும்.

இதை ஏன் சொன்னேன் என்றால், பழுது எங்கே இருக்கிறது என்பதை இதிலிருந்தே ஓரளவு சொல்லிவிடலாம். ஒரே ஒரு விசை மட்டும் வேலை செய்யவில்லையா? அதன் அடியில் தூசியோ, சோற்றுப் பருக்கையோ, காய்ந்த தேநீரோ இருக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில விசைகள் ஒரே நேரத்தில் நின்றுவிட்டனவா? ஒரு கோடு அறுந்திருக்கலாம். அந்த நிரையில் நிற்கும் விசைகள் எல்லாம் சேர்ந்து போய்விடும். விசைப்பலகை முழுவதுமே நின்றுவிட்டதா? அப்போது உள்ளே இருக்கும் விசைகளைக் குறை சொல்வதற்கு முன், இணைப்பையும் கணினியின் அமைப்பையும் பார்க்க வேண்டும். மங்கில் பால் விழவில்லை என்றால் உடனே மரத்தையா சாய்க்கிறோம்? மங்கு சாய்ந்திருக்கிறதா, பால் வழியும் தகடு விலகியிருக்கிறதா என்றுதானே முதலில் பார்க்கிறோம்!

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவதாக, சுட்டியை, அதாவது மவுஸை, அசைத்துப் பாருங்கள். திரையில் அம்புக்குறி நகர்கிறதா? நகரவில்லை என்றால் கணினியே திகைத்துப்போய் நிற்கிறது என்று பொருள். சில நிமிடம் பொறுத்திருங்கள். அப்போதும் அசையாவிட்டால், மின் பொத்தானைப் பத்து வினாடிபோல் அழுத்திப் பிடித்து நிறுத்திவிட்டு, மறுபடியும் திறக்கலாம். சேமித்து வைக்காத பாடம் போய்விடும் என்பதால் இதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, அம்பு நகர்கிறது, எழுத்து மட்டும் வரவில்லை என்றால், ‘கேப்ஸ் லாக்’ என்னும் விசையை இரண்டு வினாடி அழுத்தி விடுங்கள். பல விசைப்பலகைகளில் அதற்கென்று ஒரு சிறு விளக்கு உண்டு. அந்த விளக்கு மாறி எரிந்தால், விசைப்பலகை சொன்னது கணினிக்குக் கேட்டிருக்கிறது. கணினியின் பதிலும் திரும்பி வந்திருக்கிறது. ஆகவே கம்பியில் குறையில்லை. நீங்கள் எழுத வேண்டிய கட்டத்தில் சுட்டியை வைத்துச் சொடுக்கினீர்களா என்று பாருங்கள். சொடுக்காமல் தட்டினால், நல்ல விசைப்பலகையிலும் எழுத்து விழாது.

மூன்றாவதாக, விளக்கு மாறவே இல்லை என்றால் இணைப்பைப் பாருங்கள். யூஎஸ்பி என்னும் தட்டை முனையைக் கழற்றி, வேறொரு துளையில் நேராக, இறுகச் செருகுங்கள். வீடு கூட்டும்போது துடைப்பம் பட்டுக் கம்பி இழுபடுவது சாதாரணமாக நடப்பதுதான். மிகப் பழைய கணினிகளில் ஊதா நிறத்தில் வட்டமான முனை இருக்கும். அதைக் கழற்றுவதானால் முதலில் கணினியை நிறுத்திவிட வேண்டும். உள்ளே இருக்கும் ஊசி போன்ற கம்பிகள் வளைந்துவிடும் என்பதால் முறுக்கவோ, பலமாக அழுத்தவோ கூடாது. கம்பியில்லா விசைப்பலகையாக இருந்தால், அடியிலுள்ள பொத்தான் திறந்திருக்கிறதா, பேட்டரி தீர்ந்துவிட்டதா, கணினியில் செருகும் சிறிய வாங்கி இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால், கணினியை முறைப்படி ஒரு முறை நிறுத்தித் திறந்து பாருங்கள். சுட்டியாலேயே இதைச் செய்யலாம்.

நான்காவதாக, இடம் மாற்றிப் பாருங்கள். சந்தேகம் தீர இதைவிட நல்ல வழி வேறில்லை. பக்கத்து வீட்டு விசைப்பலகையை இரவல் வாங்கி உங்கள் கணினியில் செருகுங்கள். உங்களுடையதை அவர்கள் கணினியில் செருகுங்கள். உங்களுடையது அங்கேயும் வேலை செய்யவில்லை என்றால் பழுது விசைப்பலகையில். அவர்களுடையதும் உங்கள் கணினியில் வேலை செய்யவில்லை என்றால் பழுது கணினியில், அல்லது அதன் அமைப்பில்.

நேயர்களே, நான் பாதியில் நிறுத்திய கதை இங்கேதான் தொடர்கிறது. அந்தத் தந்தையார் போன பிறகு, புதிய விசைப்பலகை வாங்குவதற்கு முன் பார்ப்போமே என்று, அடுத்த மேசையிலிருந்த நல்ல விசைப்பலகையைக் கொண்டுவந்து அந்தக் கணினியில் செருகினேன். அதுவும் வேலை செய்யவில்லை! ‘கெட்டுப்போன’ விசைப்பலகையை அடுத்த கணினியில் செருகினேன். எழுத்துகள் மளமளவென்று வந்தன. என் நெஞ்சு திடுக்கிட்டது. மாணவன் சொன்னது மெய்.

காரணம் பின்னர்தான் விளங்கியது. விண்டோஸ் கணினிகளில் ‘பில்டர் கீஸ்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. கை நடுக்கம் உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு அது. விரல் தவறிப்போய் இலேசாகப் பட்ட விசைகளை அது ஒதுக்கிவிடும். அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து வரும். வலப்பக்கத்து ‘ஷிப்ட்’ விசையை எட்டு வினாடி அழுத்திப் பிடித்தால் இந்த ஏற்பாட்டைத் திறக்கலாமா என்று கணினி கேட்கும். அந்த மாணவன் பயிற்சிப் புத்தகத்தை விசைப்பலகையின் வலது ஓரத்தில் வைத்து, அதன்மேல் கையூன்றி எழுதியிருக்கிறான். கணினி ஏதோ கேட்டிருக்கிறது. படித்துப் பார்க்காமல் ‘ஆம்’ என்ற இடத்தில் சொடுக்கிவிட்டான். எதுவும் உடையவில்லை.

ஆகவே ஐந்தாவதாக, அமைப்புகளைப் பாருங்கள். ஏதாவது ஓர் எழுத்தை இரண்டு வினாடி அழுத்திப் பிடியுங்கள். அப்போது மட்டும் எழுத்து வந்தால் ‘பில்டர் கீஸ்’தான் காரணம். வலது ‘ஷிப்ட்’டை மறுபடியும் எட்டு வினாடி அழுத்தினால் பெரும்பாலும் அது விலகிவிடும். விலகாவிட்டால் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘எக்ஸஸிபிலிட்டி’, அதற்குள் ‘கீபோர்டு’ என்ற இடத்துக்குச் சென்று மூடலாம். விண்டோஸ் பத்தில் அந்தப் பகுதிக்கு ‘ஈஸ் ஆப் ஆக்செஸ்’ என்று பெயர்.

இன்னும் இரண்டு மயக்கங்கள் உண்டு. சில சிறிய மடிக்கணினிகளில் எழுத்துகளைத் தட்டினால் எண்கள் வரும். ‘ஜே’ என்று தட்டினால் 1 வரும். ‘கே’ என்று தட்டினால் 2 வரும். ‘நம் லாக்’ என்னும் விசை திறந்திருப்பதே காரணம். அதை மூடினால் சரியாகிவிடும். இரண்டாவது, நம் தமிழ்ப்பிள்ளைகளின் வீட்டில் மட்டும் நடப்பது. ‘தமிழ் 99’ முறையில் தமிழ்ப் பாடம் எழுதிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். அக்காவோ அண்ணனோ வந்து ஆங்கிலத்தில் தட்டினால், ‘ஏ’ தட்டும் இடத்தில் அகரமும், ‘எச்’ தட்டும் இடத்தில் ககரமும் வந்து நிற்கும். விசைப்பலகை கெட்டுவிட்டது என்று கூச்சல் எழும். கெடவில்லை, தமிழ் பேசுகிறது, அவ்வளவுதான்! விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறிவிடும்.

ஆறாவதாக, துப்புரவு. தோட்டத்து வீடுகளில் சிற்றெறும்பும் கரப்பான்பூச்சியும் பல்லி எச்சமும் புதியவை அல்ல. கணினியை நிறுத்தி, விசைப்பலகையைக் கழற்றி, கவிழ்த்துப் பிடித்து உள்ளங்கையால் மெல்லத் தட்டுங்கள். சாயம் தீட்டும் மெல்லிய தூரிகையால் இடுக்குகளைத் துடையுங்கள். ஒட்டிக்கொள்ளும் விசை இருந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியில் மருந்துக்கடையில் கிடைக்கும் ஆல்கஹாலைச் சிறிதளவு தொட்டு, விசையின் ஓரங்களில் துடைக்கலாம். தண்ணீரை ஊற்றக் கூடாது. இடைவெளி விசை போன்ற நீண்ட விசைகளுக்கு அடியில் கம்பி மாட்டியிருக்கும். அவற்றைப் பிடுங்க வேண்டாம். மடிக்கணினியின் விசை எதையும் பிடுங்கக் கூடாது.

தேநீரோ மைலோவோ கொட்டிவிட்டால் என்ன செய்வது? துடைக்கத் துணி தேடி ஓடாதீர்கள். முதலில் இணைப்பைக் கழற்றுங்கள். விசைப்பலகையைக் கவிழ்த்து வையுங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஓரிரு நாள் நன்றாகக் காயட்டும். கடும் வெயிலிலும் அடுப்பின் பக்கத்திலும் வைத்தால் நெகிழி வளைந்துவிடும். அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரம் போகும் என்பார்கள். அரிசித் தூசி உள்ளே போவதுதான் மிச்சம். மடிக்கணினியாக இருந்தால் ஆபத்து அதிகம். விசைகளுக்கு அடியிலேயே கணினியின் உள்ளுறுப்புகள் இருக்கின்றன. மின் பொத்தானை அழுத்திப் பிடித்து உடனே நிறுத்தி, மின்னூட்டும் கம்பியைக் கழற்றி, கூடாரம்போல் கவிழ்த்து வையுங்கள். ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று திறந்து பார்க்காமல், பழுது பார்ப்பவரிடம் கொண்டு போய்க் கொடுங்கள்.

பாடத்தை இன்றிரவே அனுப்ப வேண்டும், விசைப்பலகையோ சரியாகவில்லை என்றால் கலங்க வேண்டாம். விண்டோஸ் கணினியில் திரையிலேயே ஒரு விசைப்பலகை ஒளிந்திருக்கிறது. முன்பு சொன்ன ‘எக்ஸஸிபிலிட்டி’ பகுதியில், ‘கீபோர்டு’ என்ற இடத்தில் ‘ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு’ என்பதைச் சுட்டியால் திறந்தால், படமாக ஒரு விசைப்பலகை தோன்றும். ஒவ்வோர் எழுத்தாகச் சொடுக்கி எழுதலாம். மறைச்சொல் கேட்கும் முதல் திரையிலும், கீழே வலது மூலையிலுள்ள சிறிய குறியைச் சொடுக்கி அதைப் பெறலாம். மெதுவாக நடக்கும் வேலைதான். ஆனாலும் பாடம் நின்றுபோகாது.

எல்லாம் செய்து பார்த்தும் பயனில்லை என்றால், புதியது வாங்கத்தான் வேண்டும். சாதாரணக் கம்பி விசைப்பலகை ஒன்று இருபது, முப்பது வெள்ளிக்கே கிடைக்கிறது. மடிக்கணினியின் விசைகள் கெட்டுப்போனாலும், இந்த வெளி விசைப்பலகையை யூஎஸ்பி துளையில் செருகிப் பயன்படுத்தலாம். விசைகள் போய்விட்டன என்பதற்காக மடிக்கணினியையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள்.

நேயர்களே, அன்று மாலையே நான் அந்தத் தந்தையாரின் வீட்டுக்குப் போய் ஐம்பது வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். “பழுது இல்லை, ஐயா. தவறு என்னுடையது” என்றேன். அவர் நோட்டை வாங்கிக்கொண்டு, “உள்ள வாங்க சார், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் வகுப்பில், எல்லார் முன்னாலும் அதட்டியவன் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்பதுதான் முறை என்று கேட்டுக்கொண்டேன்.

ஆனால் அதன் பிறகும் பல வாரங்கள் அந்த மாணவன் கணினி அறைக்கு வந்தால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நிற்பான். “தட்டுப்பா” என்றால், “வேணாம் சார், அவன் தட்டட்டும்” என்பான். விசைப்பலகையைச் சரிசெய்ய எட்டு வினாடி போதுமானதாக இருந்தது. அவனுடைய கைகளை முன்னால் கொண்டுவர எனக்கு ஒரு தவணை முழுவதும் ஆயிற்று.

அதனால்தான் பெற்றோர்களை நான் வேண்டிக்கொள்கிறேன். அடுத்த முறை விசைப்பலகை நின்றுவிட்டால், “என்ன பண்ணி வெச்சே?” என்று கேட்காமல், “எப்படி நின்றது, சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள். பயந்த பிள்ளை நடந்ததை மறைத்துவிடும். பயமில்லாத பிள்ளை, “புத்தகத்தை மேலே வைத்தேன், ஏதோ கேட்டது, சொடுக்கினேன்” என்று சொல்லிவிடும். பழுதைக் கண்டுபிடிக்க அந்த ஒரு சொல்லே பெரிய உதவி. பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சுட்டி, விளக்கு, இணைப்பு, இடமாற்றம், அமைப்பு, துப்புரவு என்று வரிசையாகப் பாருங்கள். விசைப்பலகை சரியானாலும் ஆகாவிட்டாலும், ஒரு பொருள் நின்றுபோனால் பதறாமல் காரணம் தேட வேண்டும் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும்.